வருடக்கணக்கில் வலி மாத்திரை: "இது இன்னும் வேலை செய்யுதா?" என்று கேட்பது யார்?

முதுகு வலி தாங்க முடியவில்லை. டாக்டர் ஒரு மாத்திரை எழுதித் தருகிறார். "ரெண்டு வாரம் சாப்பிடுங்க, பார்க்கலாம்" என்கிறார். வலி கொஞ்சம் குறைகிறது, ராத்திரி தூக்கம் வருகிறது. இரண்டு வாரம் இரண்டு மாதமாகிறது. வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் மாத்திரையை விட்டால் இதைவிட மோசமாகிவிடுமோ என்ற பயம் வந்துவிட்டது. அடுத்த முறை சீட்டு வாங்கும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

நாம் கற்பனை செய்த ஆள்தான். ஆனால் இவரைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இங்கிலாந்தில் கணக்கே இருக்கிறது. அந்நாட்டின் அப்போதைய பொது சுகாதார அமைப்பான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2017-18 என்ற ஒரே ஆண்டில் 56 லட்சம் பெரியவர்களுக்கு ஓபியாய்டு வகை வலி மருந்து எழுதப்பட்டது. அதாவது நூறு பேரில் 13 பேருக்கு. அவர்களில் சுமார் 5 லட்சத்து 40 ஆயிரம் பேர், 2018 மார்ச் நிலவரப்படி, குறைந்தது மூன்று வருடமாக இடைவிடாமல் அதை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இவர்களோடு உட்கார்ந்து, "இந்த மருந்து உங்களுக்கு இன்னும் உதவுதா?" என்று கேட்கும் வேலை யாருடையது? மருந்தாளுநரிடம் கொடுத்தால் என்ன என்பதுதான் அங்கே இப்போது ஆய்வு செய்யப்படும் யோசனை. கேட்க எளிதாக இருக்கும் இந்த யோசனைக்குள் ஏகப்பட்ட சிக்கல் இருக்கிறது.

எந்த மருந்துகளைப் பற்றிப் பேசுகிறோம்?

பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் இவையெல்லாம் ஓபியாய்டு அல்ல. கோடீன், ட்ராமடால், டேபென்டடால், மார்ஃபின், ஆக்ஸிகோடோன், தோலில் ஒட்டிக்கொள்ளும் ஃபென்டனில், புப்ரெனார்ஃபின் பட்டைகள் ஆகியவைதான் ஓபியாய்டுகள். சிலது அபினிலிருந்து வருவது, சிலது ஆய்வகத்தில் தயாராவது. எல்லாமே மூளையிலும் தண்டுவடத்திலும் குடலிலும் உள்ள ஒரே வகை ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்கின்றன. வலி குறைவதும், மயக்கமாக இருப்பதும், மலச்சிக்கல் வருவதும் ஒன்றாகவே நடப்பது இதனால்தான்.

பெயரைப் பார்த்து வீரியத்தை ஊகிக்க முடியாது. இதற்காக மருத்துவர்கள் எல்லாவற்றையும் 'இத்தனை மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமம்' என்று மாற்றிக் கணக்கிடுவார்கள். பிரிட்டனில் பயன்படும் அட்டவணைப்படி, 30 மில்லிகிராம் கோடீன் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டு சாப்பிட்டால் அது சுமார் 24 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமம். ஆனால் தோளில் ஒட்டியிருக்கும் '50' என்று எழுதிய ஒரு ஃபென்டனில் பட்டை, நாளொன்றுக்கு சுமார் 120 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமம். பார்த்தால் பிளாஸ்திரி மாதிரிதான் இருக்கும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. புற்றுநோய் வலிக்கும், வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கும் தரப்படும் மார்ஃபின் பற்றியது அல்ல இந்தக் கட்டுரை. அங்கே அது அவசியமான மருந்து. அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு போன்ற திடீர் வலிக்குச் சில நாள் கொடுப்பதும் வேறு. பிரச்சினை, மூன்று மாதத்தையும் தாண்டி நீடிக்கும் முதுகு வலி, மூட்டு வலி, நரம்பு வலி போன்றவற்றுக்கு வருடக்கணக்கில் சாப்பிடுவதில் இருக்கிறது.

முதலில் கேட்ட மருந்து பிறகு ஏன் கேட்பதில்லை?

உடல் பழகிவிடுகிறது. அதே அளவுக்கு அதே நிவாரணம் கிடைக்காமல் போகும்போது அளவைக் கூட்டத் தோன்றும். கொஞ்ச நாளில் அதுவும் பழகும். மலச்சிக்கல் மட்டும் பழகுவதே இல்லை, அது கூடவே வரும். நீண்ட காலப் பயன்பாட்டில் ஹார்மோன் குறைவு, வயதானவர்கள் தடுக்கி விழுவது, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது எல்லாம் சேரலாம். சிலருக்கு மருந்தே நரம்புகளை அதிகக் கூர்மையாக்கி வலியைக் கூட்டிவிடும் விசித்திரமும் நடக்கிறது.

அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் முன்னாள் ராணுவத்தினர் 240 பேரிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2018-இல் வெளியானது. நாள்பட்ட முதுகு வலி, அல்லது இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மான வலி உள்ளவர்கள் அவர்கள். பாதிப் பேருக்கு ஓபியாய்டு, மீதிப் பேருக்கு மற்ற வலி மருந்துகள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமில்லை. வலியின் அளவோ, ஓபியாய்டு சாப்பிடாதவர்களுக்குத்தான் சற்றுக் குறைவாக இருந்தது. பக்க விளைவுகள் ஓபியாய்டு குழுவில் அதிகம். புதிதாக மருந்து தொடங்குகிறவர்களுக்கு இந்த முடிவு பெரிய உதவி. ஏற்கெனவே ஏழு வருடமாகச் சாப்பிடுகிறவருக்கு?

அவருடைய நிலை வேறு. ஒரு வேளை மாத்திரை தாமதமானால் உடம்பெல்லாம் வலிக்கிறது, வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவி வருகிறது, வயிறு கலங்குகிறது. மாத்திரை போட்டதும் எல்லாம் அடங்குகிறது. "பார்த்தீங்களா, இது இல்லாம என்னால முடியாது" என்று அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த மாத்திரை அடக்கியது பழைய முதுகு வலியையா, மருந்து குறைந்ததால் வந்த விலகல் அறிகுறியையா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டராலும் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாது. இதைப் போதைப் பழக்கம் என்று முத்திரை குத்துவது தப்பு. சீட்டில் எழுதியபடியே ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் இது வரும்.

"அப்படின்னா நிறுத்திட வேண்டியதுதானே?"

இங்கேதான் அமெரிக்கா ஒரு கசப்பான பாடம் கற்றது. ஓபியாய்டு மரணங்கள் பெருகியதைத் தொடர்ந்து, அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2016-இல் மருந்து எழுதுவதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. நோக்கம் நல்லது. ஆனால் பல இடங்களில் அதைக் கண்டிப்பான உச்சவரம்பாக எடுத்துக்கொண்டு, வருடக்கணக்காகச் சாப்பிட்டு வந்தவர்களின் மருந்தைச் சட்டென்று வெட்டினார்கள். 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, திடீரென நிறுத்தியதால் கடும் விலகல் அறிகுறிகளும் கட்டுக்கடங்காத வலியும் தற்கொலையும்கூட நேர்ந்ததாக எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று.

1,13,618 நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அதிக அளவிலிருந்து மருந்து குறைக்கப்பட்டவர்களுக்கு மனநல நெருக்கடிகள் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நேர்ந்திருந்தன. குறைத்த வேகம் கூடக் கூட ஆபத்தும் கூடியது. பதிவுகளை மட்டும் பார்த்த ஆய்வு என்பதால், குறைத்ததுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய தகவல் அல்ல. சிடிசியும் 2022-இல் வழிகாட்டுதலைத் திருத்தி எழுதியது.

ஆக, தொடர்ந்தால் ஒரு ஆபத்து. அவசரமாக நிறுத்தினால் இன்னொரு ஆபத்து. நடுவில் இருக்கும் வழிக்கு நேரமும் பொறுமையும் வேண்டும். பிரிட்டிஷ் நிபுணர்கள் சொல்லும் பொதுவான வேகம், வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ பத்து சதவீதம் குறைப்பது. ஒவ்வொரு படியிலும் ஆளைப் பார்த்து, தேவைப்பட்டால் நின்று, மறுபடி தொடர வேண்டும். மருத்துவரைக் காண சுமார் பத்து நிமிடம் கிடைக்கும் ஒரு நாட்டில் இதை யார் செய்வது?

ஏன் மருந்தாளுநர்?

மருந்தாளுநர் என்றதும் நமக்கு மெடிக்கல் ஷாப் கவுன்டர்தான் ஞாபகம் வரும். இங்கே பேசப்படுபவர் அவர் அல்ல. இங்கிலாந்தில் 2015 முதல், குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குக்கு உள்ளேயே மருந்தாளுநர்களை வேலைக்கு அமர்த்தத் தொடங்கினார்கள். 2019-க்குப் பிறகு அவர்களின் எண்ணிக்கை வேகமாகக் கூடியது. இவர்கள் மருந்து விற்பதில்லை. நோயாளியின் முழு மருத்துவப் பதிவையும் கணினியில் பார்க்கிறார்கள். கூடுதல் பயிற்சி பெற்றவர்கள் தாங்களே மருந்து எழுதலாம், மாற்றலாம், குறைக்கலாம். அந்த அதிகாரம் பிரிட்டனில் 2006 முதலே இருக்கிறது.

2020 அக்டோபரிலிருந்து அங்கே 'கட்டமைக்கப்பட்ட மருந்துப் பரிசீலனை' என்ற ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்ற பட்டியலில், பத்தோ அதற்கு மேலோ மருந்து சாப்பிடுகிறவர்கள், முதியோர் இல்லவாசிகள் ஆகியோருடன், பழக்கமாகிவிடக்கூடிய வலி மருந்து சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மருந்தாளுநரால் வலியைக் கையாள முடியுமா என்று பார்க்க இதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. ஸ்காட்லாந்திலும் கிழக்கு இங்கிலாந்திலும் சுமார் 200 நோயாளிகளிடம் நடந்து, 2013-இல் முடிவு வெளியான சிறிய சோதனை அது. மருந்தாளுநர் நேரில் பார்த்து மருந்தை மாற்றியவர்களிடம் நல்ல அறிகுறிகள் தெரிந்தன. ஆனால் பெரிய முடிவு எடுக்க அந்த எண்ணிக்கை போதாது.

கீல் பல்கலைக்கழகம் என்ன செய்கிறது?

ஸ்டாஃபோர்டுஷயரில் உள்ள கீல் பல்கலைக்கழகம் தலைமையில், அரசின் சுகாதார ஆய்வு நிதியில் நடக்கும் திட்டத்தின் பெயர் 'ப்ராம்ப்ட்'. நீண்ட காலமாக ஓபியாய்டு சாப்பிடுகிறவர்களை, அவர்களாக வந்து கேட்பதற்கு முன்பே கூப்பிட்டு, கிளினிக் மருந்தாளுநர் பரிசீலனை செய்வதுதான் திட்டம். இலக்கில் இரண்டு பகுதி இருக்கிறது: பொருத்தமான இடத்தில் ஓபியாய்டு குறைய வேண்டும், அதேசமயம் வலியும், வலியால் வாழ்க்கையில் வரும் இடைஞ்சலும் கூடிவிடக் கூடாது. என் பார்வையில் அந்த இரண்டாவது பகுதிதான் இந்தத் திட்டத்தின் உயிர். மாத்திரை எண்ணிக்கையை மட்டும் குறைப்பதென்றால் அமெரிக்கா செய்ததே போதும்.

ஆய்வாளர்கள் நேராகச் சோதனையில் இறங்கவில்லை. முதலில் நோயாளிகளிடம் போய்ப் பேசினார்கள். அப்போது தெரிந்தவை நமக்கும் புரியக்கூடியவைதான். கடிதம் வந்ததுமே "மாத்திரையைப் பிடுங்கத்தான் கூப்பிடுறாங்க" என்ற பயம். மருத்துவர் இல்லாமல் மருந்தாளுநரா, அவருக்கு என் வலி பற்றி என்ன தெரியும் என்ற சந்தேகம். வலி நிஜம்தானா என்று மறுபடி ஒருமுறை நிரூபிக்க வேண்டியிருக்குமோ என்ற அலுப்பு.

இந்தப் பயத்தை அசட்டுத்தனம் என்று சொல்லிவிட முடியாது. நாள்பட்ட வலி ஸ்கேனில் தெரியாது. "எல்லாம் நார்மலா இருக்கே" என்று பல தடவை கேட்டவருக்கு, அந்த மருந்துச் சீட்டு ஒன்றுதான் தன் வலியை யாரோ நம்பியதற்கான அத்தாட்சி. அதைக் குறைப்போமா என்று கேட்டாலே, 'உன்னை நம்பவில்லை' என்று காதில் விழும். அதனால் கடிதத்தின் வாசகத்திலிருந்தே வேலை தொடங்குகிறது. எதற்காகக் கூப்பிடுகிறோம், என்ன முடிவு எடுத்தாலும் சேர்ந்தே எடுப்போம் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பரிசீலனை அறைக்குள் நடப்பது பெரும்பாலும் பேச்சுதான். "இந்த மருந்து சாப்பிட்டா உங்களால என்ன செய்ய முடியுது? சாப்பிட்டும் எதைச் செய்ய முடியல?" என்ற மாதிரியான கேள்விகள். தூக்கம் எப்படி, மலம் எப்படிக் கழிகிறது, கார் ஓட்டுகிறாரா, வேறு என்னென்ன மருந்து? கடைசிக் கேள்வியில்தான் மருந்தாளுநரின் படிப்பு வெளிப்படும். ட்ராமடாலுடன் மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் சேர்ந்தால் உடலில் செரோடோனின் ஆபத்தான அளவுக்கு ஏறலாம், வலிப்பும் வரலாம். ஓபியாய்டுடன் தூக்க மாத்திரையோ, நரம்பு வலிக்கான கபாபென்டின், ப்ரீகாபலினோ, மதுவோ சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். இவற்றை வெவ்வேறு மருத்துவர்கள் வெவ்வேறு வருடங்களில் எழுதியிருப்பார்கள். ஒன்றாக வைத்துப் பார்த்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பேச்சு முடிந்ததும் எல்லோருக்கும் மருந்து குறையும் என்றில்லை. குறைந்த அளவில், எப்போதாவது சாப்பிட்டு, அதனால் நிஜமாகவே வேலைகளைச் செய்ய முடிகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிரிட்டிஷ் வலி மருத்துவ நிபுணர்கள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறார்கள். நாளொன்றுக்கு 120 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமமான அளவைத் தாண்டினால் ஆபத்து கணிசமாகக் கூடும், பலன் கூடாது. ஓபியாய்டு சாப்பிட்டும் வலி அப்படியே இருக்கிறது என்றால், அது வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம். மாற்று இல்லாவிட்டாலும் அதைப் படிப்படியாக நிறுத்த வேண்டும்.

இந்தச் சோதனையில் நோயாளிகளைத் தனித்தனியாகப் பிரிக்காமல் முழு கிளினிக்குகளாகப் பிரிக்கிறார்கள். பயிற்சி பெற்ற மருந்தாளுநர் காலையில் ஒருவரிடம் புது முறையிலும், மதியம் இன்னொருவரிடம் எதுவும் தெரியாதவர் மாதிரியும் பேச முடியாதல்லவா?

குறைத்தால் வலி கூடாதா?

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். இதற்கு ஓரளவு பதில் வேறொரு சோதனையிலிருந்து கிடைத்திருக்கிறது. 'ஐ-வாட்ச்' என்ற பெயரில் இங்கிலாந்தில் 608 பேரிடம் நடந்தது, முடிவு 2023-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு மூன்று நாள் குழு அமர்வுகளும், செவிலியரின் தனிப்பட்ட ஆலோசனையும், படிப்படியாகக் குறைக்கும் திட்டமும் கிடைத்தன. மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சையுடன் ஒரு கையேடும் ஒலிப்பதிவும் மட்டும். ஒரு வருடத்தில் முதல் குழுவில் 29 சதவீதம் பேர் ஓபியாய்டை முழுதாக விட்டிருந்தார்கள். மற்றக் குழுவில் 7 சதவீதம். அன்றாட வாழ்க்கையை வலி எவ்வளவு பாதிக்கிறது என்பதில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை.

இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். மருந்தை விட்டதால் வாழ்க்கை மேம்படவில்லை என்று சிலர் சொல்வார்கள். மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் வலி அதேதான் என்றால், மலச்சிக்கலும் மந்தமும் எதற்கு என்று வேறு சிலர் கேட்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் மீதி 71 சதவீதம் பேர் முழுதாக விடவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இத்தனை ஆதரவு கொடுத்தும் இது எளிதல்ல.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறதா?

நம் நாட்டின் கதை கிட்டத்தட்ட தலைகீழ். 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால், புற்றுநோய் நோயாளிகளுக்குக்கூட மார்ஃபின் கிடைக்காமல் போனது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதனால் 'ஓபியாய்டைக் குறைக்க வேண்டும்' என்ற இங்கிலாந்துப் பேச்சை அப்படியே இங்கே இறக்குமதி செய்தால், வலியில் துடிப்பவர்களுக்குக் கிடைக்கும் கொஞ்சமும் போய்விடும்.

ஆனால் அதே நாட்டில்தான் ட்ராமடால் 2018 ஏப்ரல் வரை அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தது. மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும், பாராசிட்டமாலுடன் சேர்த்த மாத்திரையாக அது சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது. 2014 முதல் ட்ராமடாலும் கோடீனும் 'எச்1' பட்டியலில் இருக்கின்றன. மருந்துக்கடைக்காரர் யார் எழுதியது, யாருக்கு, எவ்வளவு என்று தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பதிவேடு வேண்டும் என்கிறது விதி. அந்தப் பதிவேட்டைப் புரட்டி, "அம்மா, ஆறு மாசமா இதை வாங்குறீங்களே, வலி எப்படி இருக்கு?" என்று கேட்க ஆள் வேண்டாமா?

காகிதத்தில் அதற்கும் வழி இருக்கிறது. நோயாளிக்கு ஆலோசனை சொல்வது பதிவுபெற்ற மருந்தாளுநரின் கடமை என்று, இந்திய மருந்தியல் கவுன்சிலின் 2015 விதிகள் சொல்கின்றன. மருத்துவமனை வார்டுகளில் வேலை செய்யக்கூடிய ஃபார்ம்-டி படிப்பு 2008-இலேயே வந்துவிட்டது. ஆனால் நோயாளியின் பழைய பதிவு மருந்தாளுநரின் கையில் இல்லை. மருந்தைக் குறைக்கும் அதிகாரம் இல்லை. பேசுவதற்குக் கட்டணமும் இல்லை, விற்றால்தான் வருமானம். குறைவாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லும் வேலையை, அதை விற்றுப் பிழைப்பவரிடம் கொடுப்பதில் உள்ள முரண்பாடு இங்கே நேரடியாக உதைக்கிறது. இங்கிலாந்தில் மருந்தாளுநரைக் கடையிலிருந்து கிளினிக்குக்குள் கொண்டுவந்ததால் இந்தச் சிக்கல் எழவில்லை.

அதுவரை கேள்வி கேட்கும் பொறுப்பு உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வீட்டில் யாராவது மூன்று மாதத்துக்கு மேல் வலி மாத்திரை சாப்பிட்டால், அட்டையின் பின்பக்கத்தில் வியாபாரப் பெயருக்குக் கீழே இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். ட்ராமடால், டேபென்டடால், கோடீன் என்று இருந்தால், அவர் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கொண்டுபோங்கள். "இது எதுவரைக்கும்?" என்று கேளுங்கள். இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிட மட்டும் வேண்டாம். அந்தத் தப்பை அமெரிக்கா ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது.